500 அடி வேகம்… ஆனா மான் காதுல முதல்ல விழுந்துடுமே!

பப்ஜி ஆடினவங்களுக்கு கிராஸ்போ தெரியும். சத்தமே வராது, தலையில பட்டா ஒரே அடி. ஆனா ஒரு அம்பு விட்டுட்டு அடுத்ததை ஏத்துறதுக்குள்ள எதிராளி நம்மளை லாபிக்கு அனுப்பிடுவான். அதனால வேற துப்பாக்கி கிடைக்காதவன் எடுக்குற ஆயுதம்னு அதுக்கு ஒரு பேரு.

நிஜத்துல இதே கிராஸ்போவை வச்சு, அதாவது குறுக்குவில்லை வச்சு, அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் பல வருஷமா ஒருத்தரோட ஒருத்தர் மல்லுக்கு நிக்கிறாங்க. வேட்டையே வேண்டாம்னு சொல்றவங்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் நடக்குற சண்டை இல்லை இது. ரெண்டு பக்கமும் வேட்டைக்காரர்கள்தான். இந்த ஆயுதம் இவ்வளவு நல்லா வேலை செய்யலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

பொறியியல் படிக்கிற நமக்கு இது கொஞ்சம் விசித்திரமா இருக்கும். நாலு வருஷமும் நமக்குச் சொல்லித் தர்றது ஒண்ணுதான்: வேகத்தைக் கூட்டு, துல்லியத்தைக் கூட்டு, உழைப்பைக் குறை. இங்கே வாடிக்கையாளரே வந்து "போதும், இதுக்கு மேல வேண்டாம்" என்கிறார். அவர் ஏன் அப்படிச் சொல்றார்னு புரிஞ்சுக்கணும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அதில் எனக்கு ஒரு தெளிவான கருத்தும் உண்டு: குறுக்குவில்லைத் தடை செய்யத் தேவையில்லை. ஆனால் அதன் வேகத்தைத் தூரமாக மாற்றி விற்கிற போக்கு தப்பு. அது தப்புன்னு காட்ட ஒழுக்கப் பாடம் எதுவும் வேண்டாம், பிளஸ் ஒன் இயற்பியலே போதும்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடலாம். நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். அதை மாத்தணும்னு இங்க யாரும் கேட்கலை. அமெரிக்காவில் நிலைமை வேற. அங்கே வெள்ளைவால் மான்கள் பெருகி, பயிரை மேய்ந்து, சாலையில் கார்களில் மோதுகிற பல மாநிலங்களில், மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அரசே உரிமம் கொடுத்து வேட்டையை நடத்துகிறது. அந்தச் சூழலுக்குள்தான் இந்த விவாதம்.

ஒன்பது நாளும் நாலு மாசமும்

சண்டை புரியணும்னா அங்கே வேட்டைப் பருவம் எப்படி அமைஞ்சிருக்குன்னு தெரியணும். விஸ்கான்சின் மாநிலத்தை எடுத்துக்குவோம். அங்கே வழக்கமான துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் 9 நாள், நவம்பர் கடைசியில். வில் வேட்டைப் பருவமோ செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை போகும். கிட்டத்தட்ட நாலு மாசம்!

ஏன் இந்த வித்தியாசம்? வில்லால் மான் அடிக்கிறது அவ்வளவு கஷ்டம். மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வரணும். அது வர்ற வரைக்கும் மரத்து மேல குளிரில் அசையாம உட்காரணும். வந்த பிறகு, அதன் கண்ணில் படாமல் நாணை இழுக்கணும். பெரும்பாலான நாட்களில் வெறுங்கையோடுதான் வீடு திரும்பணும். "நீங்க கஷ்டமான வழியைத் தேர்ந்தெடுக்கிறீங்க, அதனால உங்களுக்கு நாள் அதிகம்" என்பது அரசுக்கும் வில் வேட்டைக்காரர்களுக்கும் இடையில் இருக்கிற எழுதப்படாத ஒப்பந்தம்.

இப்போ இந்த ஒப்பந்தத்துக்குள்ள ஒரு புது இயந்திரம் நுழையுது. கஷ்டம் குறைந்தால் நாளும் குறையுமோ என்பது பழைய வில் வேட்டைக்காரர்களின் பயம். கௌரவப் பிரச்சினை மாதிரி வெளியே தெரிஞ்சாலும் உள்ளுக்குள் இருக்கிறது காலண்டர் பிரச்சினை.

குறுக்குவில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதமாக உள்ளே வந்தது. ஒஹையோ 1970களிலேயே அனுமதித்துவிட்டது. பென்சில்வேனியா 2009-இல் வில் பருவத்துக்குள் அதைச் சேர்த்தது. விஸ்கான்சினில் முதியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் மட்டும் இருந்த அனுமதி 2014-இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அங்கே குறுக்குவில்லால் வேட்டையான மான்கள், சாதா வில்லால் வேட்டையான மான்களைவிட அதிகமாகிவிட்டன. ஓரிகன் மாநிலமோ இன்னும் குறுக்குவில் வேட்டையை அனுமதிக்கவே இல்லை. பிரிட்டனில் 1981 வனவிலங்குச் சட்டம் எல்லா வகை வில்லாலும் காட்டு விலங்கைக் கொல்வதைத் தடை செய்துவிட்டது. ஒரே கருவி, இத்தனை தீர்ப்புகள்.

இயந்திரத்துக்குள் என்ன மாறிச்சு?

குறுக்குவில் புதுசு இல்லை. சீனாவில் சுடுமண் படைவீரர்களோடு புதைந்து கிடந்த வெண்கல விசைகள் ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தையவை. ஐரோப்பாவில் 1139-இல் கூடிய இரண்டாம் லாட்டரன் திருச்சபைப் பேரவை, கிறிஸ்தவர்கள் மேல் வில்லும் குறுக்குவில்லும் பாய்ச்சக் கூடாதுன்னு தடையே போட்டது. நீள வில்லாளி உருவாக வருஷக்கணக்கில் பயிற்சி வேணும். குறுக்குவில் பிடிக்க சில வாரப் பயிற்சியே போதும். "பயிற்சி இல்லாதவன் கையில் இவ்வளவு பலமா?" என்கிற கடுப்புக்கு வயசு தொள்ளாயிரம் வருஷம்.

தத்துவம் எளிமை. சாதா வில்லில் நாணை நம்ம கையே பிடிச்சுக்கிட்டு நிக்கணும். குறுக்குவில்லில் இழுத்த நாணை ஒரு கொக்கி பிடிச்சுக்கும், விசையை அழுத்தினா விடும். தசை பிடிக்க வேண்டியதில்லை என்பதால் விசையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏத்தலாம். காம்பவுண்ட் வில்லின் இழுவிசை 70 பவுண்டு, ஏறக்குறைய 32 கிலோ என்றால், இன்றைய குறுக்குவில்களில் 200 முதல் 300 பவுண்டு வரை உண்டு.

2000களின் தொடக்கத்தில் அம்பு விநாடிக்கு 300 அடி போனாலே நல்ல வேகம்னு பேசினாங்க. இன்னைக்கு 400 சாதாரணம். ரேவின், டென்பாயிண்ட் போன்ற நிறுவனங்களின் உச்ச மாடல்கள் 500-ஐத் தாண்டிடுச்சு. இதைச் சாதிச்சது மூணு மாற்றம். வில்லின் கைகளைத் திருப்பி வச்சு நாண் பயணிக்கிற தூரத்தைக் கூட்டினாங்க. கேம் சக்கரங்கள் கிட்டத்தட்ட முழுச் சுற்று சுழலும்படி செய்தாங்க. கைப்பிடி சுழற்றி நாணை ஏத்துற கிராங்க் வச்சாங்க, இப்போ சில கிலோ விசை போதும். நாண் ஏத்தின நிலையில் வில்லின் அகலம் 15 சென்டிமீட்டர்தான் இருக்கிற மாடல்களும் வந்தாச்சு. விலை? உச்ச மாடல்கள் 2,000 டாலரைத் தாண்டும்.

இதுக்கு மேல ஸ்கோப். பர்ரிஸ் ஆரக்கிள் எக்ஸ், கார்மின் செரோ எக்ஸ்1ஐ மாதிரி கருவிகள் லேசரால் தூரத்தை அளந்து, அம்பு எவ்வளவு விழும்னு கணக்குப் போட்டு, எங்கே குறி வைக்கணுமோ அங்கே ஒரு ஒளிப்புள்ளி காட்டிடும். புள்ளியை மான் மேல வை, விசையை அழுத்து. அவ்வளவுதான்.

வேட்டைக்காரர்கள் என்ன சொல்றாங்க?

எதிர்க்கிறவங்க சொல்றது ஒரு நொடியைப் பற்றி. மான் பக்கத்தில் வந்த பிறகு நாணை இழுக்கிற அந்த அசைவுதான் வில் வேட்டையின் உயிர் என்கிறார்கள். பாதி மான்கள் தப்பிக்கிறதே அந்த அசைவில்தான். குறுக்குவில்லில் காலையிலேயே நாணை ஏத்தி வச்சுட்டு உட்கார்ந்தா அந்த நொடியே கிடையாது. 1961-இல் தொடங்கிய போப் அண்ட் யங் கிளப், வில்லால் வேட்டையான விலங்குகளுக்கான சாதனைப் பட்டியலை வைத்திருக்கிற அமைப்பு. குறுக்குவில்லால் வேட்டையாடியதை அது இன்றும் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதன் பெயரில் இருக்கிற சாக்ஸ்டன் போப் ஒரு மருத்துவர். யாஹி பழங்குடியில் கடைசியாக எஞ்சியிருந்த இஷியிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றவர். அந்த மரபிலிருந்து பார்த்தா, விசையும் ஸ்கோப்பும் கட்டைப்பிடியும் வச்ச ஒண்ணை வில்லுன்னு ஒத்துக்கிறது கஷ்டம்தான்.

ஆதரிக்கிறவங்களின் வாதம் தோள்பட்டையில் தொடங்குது. அமெரிக்க வேட்டைக்காரர்களில் பெரும் பகுதி வயசாகிக்கிட்டிருக்கு. தோள் அறுவை சிகிச்சை ஆனவர் 70 பவுண்டு வில்லை இழுக்க முடியாது. நாப்பது வருஷமா காட்டுக்குப் போனவரை ஒரே நாளில் வீட்டுல உட்கார வைக்கணுமா? இன்னொரு பக்கம் வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையும் குறைந்துவருகிறது. அங்கே வனவிலங்குப் பாதுகாப்புக்கான பணத்தில் பெரும்பங்கு வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின் வரியிலிருந்தும் வருது. 1972-இல் வில் கருவிகளும் அந்த 11 சதவீத வரிக்குள் கொண்டுவரப்பட்டன. வேட்டைக்காரர் குறைந்தால் காட்டுக்கான பணமும் குறையும். மான் மட்டும் குறையாது.

அப்புறம் அவங்க கேட்கிற கிடுக்கிப்பிடிக் கேள்வி ஒண்ணு இருக்கு: "நீங்க பிடிச்சிருக்கிற காம்பவுண்ட் வில் மட்டும் என்ன கற்கால ஆயுதமா?" நியாயமான கேள்வி. காம்பவுண்ட் வில்லுக்கு மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை வாங்கினார். சக்கரம் வச்ச வில்லா, இது ஏமாத்து வேலைன்னு அப்பவும் கத்தினாங்க. இன்னைக்கு குறுக்குவில்லை எதிர்க்கிற பலர் கையில் இருக்கிறது அந்தச் சக்கர வில்தான். இழுத்து முடிச்ச பிறகு அதன் சுமை ஆறேழு கிலோவுக்கு இறங்கிடும்.

நடுவில் இருக்கிறவங்களும் உண்டு. "குறுக்குவில் ஓகே, லேசர் ஸ்கோப் வேண்டாம்" என்பது அவங்க நிலை. ஐடஹோ போன்ற மேற்கு மாநிலங்கள் வில்லில் மின்னணுக் கருவி பொருத்துவதற்குக் கட்டுப்பாடு வைத்திருப்பதும் இந்த எண்ணத்தில்தான்.

எல்லாரும் ஒரே குரலில் வரவேற்கிற புதுமையும் இருக்கு. பழைய குறுக்குவில்லில் நாணை ஏத்திட்டா இறக்க வழி கிடையாது. மான் வரலைன்னா, சாயங்காலம் தரையில் ஒரு அம்பை விட்டுத்தான் காலி பண்ணணும். இப்போ கிராங்க்கைத் திருப்பிச் சுத்தியே இறக்கிடலாம். அம்பு இல்லாம விசையை அழுத்தினா வெடிச்சுச் சிதறாமல் தடுக்கிற பூட்டு, நாண் பாதையில் விரல் போகாமல் தடுக்கிற மறைப்பு, இதெல்லாம் பல பேரோட கட்டைவிரலைக் காப்பாத்தியிருக்கு. இதை எதிர்த்து எந்த மரபுவாதியும் பேசுறதில்லை. அதாவது அவங்க தொழில்நுட்பத்தின் எதிரிகள் இல்லை. எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாதுன்னு யோசிக்கிறவங்க.

கோடு எங்கே போட்டாலும் கோடுதானே?

"எல்லாக் கோடும் நாமளா போட்டதுதானே, அப்போ கோடே எதுக்கு?" என்று ஆதரவாளர்களில் சிலர் கேட்பார்கள். இதை நான் ஏத்துக்கலை. நம்ம கிரிக்கெட்டையே பாருங்க. 1979-இல் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோட இறங்கினார், இறக்கி விட்டாங்க, மாத்தச் சொன்னாங்க. அதுக்கப்புறம் மட்டைன்னா மரம்தான்னு விதியில் எழுதியாச்சு. 2017-இல் மட்டையின் விளிம்பு 40 மில்லிமீட்டர், ஆழம் 67 மில்லிமீட்டர்தான்னு எம்.சி.சி. வரம்பு வச்சது. 40 ஏன், 41 ஏன் கூடாதுன்னு கேட்டா பதில் கிடையாது. ஆனா வரம்பே இல்லைன்னா பந்து வீசுறவனுக்கு ஆட்டத்தில் இடமே கிடையாது.

வேட்டையில் இந்த எண்ணத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு உண்டு. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்கணும் என்பதை ஒரு கொள்கையாகவே வகுத்தது. காட்டெருமைகள் கூட்டம் கூட்டமா அழிஞ்ச காலம் அது. வானத்தை மறைச்சுப் பறந்த பயணப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914-இல் கூண்டில் செத்தது. கையில் திறன் இருக்குங்கிறதுக்காக எல்லாத்தையும் செய்தா என்ன ஆகும்னு கண்ணால் பார்த்தவங்க போட்ட கோடு அது.

கிரிக்கெட்டுக்கும் வேட்டைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. மட்டை விதி தப்பானா ஒரு ஸ்கோர்போர்டு கெடும். இங்கே விதி தப்பானா வயித்துல அம்போட ஒரு மான் ரெண்டு நாள் காட்டுக்குள்ள அலையும். அதனால கோட்டை எங்கே போடணும் என்பதை ரசனைக்கு விட்டுட முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்கணும்.

வாங்க, கணக்குப் போடுவோம்

பப்ஜி சொன்னதில் ஒரு பொய் இருக்கு. நிஜக் குறுக்குவில் சத்தமில்லாத ஆயுதம் இல்லை. இருநூறு, முந்நூறு பவுண்டு விசை ஒரே நொடியில் விடுபடும்போது "டப்"னு நல்லாவே சத்தம் வரும். அந்தச் சத்தம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர் வேகத்தில் மானை நோக்கிப் போகும். விநாடிக்கு 500 அடி என்றால் அம்பின் வேகம் 152 மீட்டர். அதாவது அம்புக்கு முன்னாடியே சத்தம் போய்ச் சேர்ந்துடும். துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு 850 மீட்டர் போகும், மான் சத்தத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடியே குண்டு பட்டிருக்கும். விளம்பரம் என்னதான் சொன்னாலும், குறுக்குவில் துப்பாக்கி ஆகாததுக்கு இதுதான் காரணம்.

சத்தம் கேட்டதுக்கும் அம்பு வந்து சேர்றதுக்கும் இடையில் மானுக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு? காற்றுத் தடையை விட்டுடுவோம், அதைச் சேர்த்தா நேரம் இன்னும் கூடத்தான் செய்யும்.

18 மீட்டரில் அம்புக்கு 0.12 விநாடி, சத்தத்துக்கு 0.05. மானுக்குக் கிடைப்பது 0.07 விநாடி. எதுவும் செய்ய முடியாது.

55 மீட்டரில் அம்புக்கு 0.36, சத்தத்துக்கு 0.16. கிடைப்பது 0.20 விநாடி.

91 மீட்டரில், அதாவது 100 கெஜத்தில், அம்புக்கு 0.60, சத்தத்துக்கு 0.27. கிடைப்பது 0.33 விநாடி.

மிரண்ட மான் ஓடுறதுக்கு முன்னாடி பாய்வதற்காகக் காலை மடக்கும், உடம்பு கீழே இறங்கும். சத்தம் கேட்டு அசையத் தொடங்க 0.1 விநாடி ஆகும்னு வச்சுக்குவோம். 91 மீட்டரில் மீதி 0.23 விநாடி. தடையில்லாமல் விழும் பொருள் அந்த நேரத்தில் எவ்வளவு இறங்கும்? அரை ஜி டி ஸ்கொயர்: 26 சென்டிமீட்டர். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதியை 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக வேட்டைக்காரர்கள் கணக்கு வைப்பார்கள், தட்டு வச்சுப் பழகுறதும் அந்த அளவில்தான். நடுவில் குறி வச்சா மேலேயும் கீழேயும் 10 சென்டிமீட்டர்தான் இடம். இங்கே 26. அம்பு முதுகுக்கு மேல போகலாம், இல்லை முதுகுச் சதையில் குத்திக்கிட்டு நிக்கலாம். 55 மீட்டரில் அதே கணக்கு 5 சென்டிமீட்டர்தான் காட்டும்.

மான் சத்தத்தையே கேட்கலைன்னு வச்சுக்குவோம். சும்மா ஒரு எட்டு எடுத்து வைக்குது, விநாடிக்கு ஒரு மீட்டர். 18 மீட்டரில் அம்பு வர்றதுக்குள்ள அது 12 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். 91 மீட்டரில் 60 சென்டிமீட்டர். நெஞ்சுக்குன்னு விட்ட அம்பு வயித்துல பாயும்.

அங்கே பட்டா என்ன ஆகும்? சக்தியைப் பாருங்க. 26 கிராம் அம்பு 500 அடி வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 300 ஜூல். சாதாரண மான் வேட்டைத் துப்பாக்கிக் குண்டுக்கு 3,500 ஜூல். குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு முனையில் இருக்கிற பிளேடு வெட்டி, ரத்தம் போயித்தான் மான் சாகும். நுரையீரலில் பட்டா சில விநாடிகளில் விழுந்துடும். வயித்துல பட்டா மணிக்கணக்கா, சில நேரம் அதுக்கும் மேல. ரத்தத் தடம் பிடிச்சுத் தேடியும் கிடைக்காத மான் எந்தக் கணக்கிலும் வராது.

லேசர் சரிசெய்யாத பிழை

இப்போ லேசர் ஸ்கோப்புக்கு வருவோம். அது என்ன பிழையைச் சரிசெய்யுது? 91 மீட்டரில் நிற்கிற மானை 86 மீட்டர்னு தப்பாக் கணிச்சா, அம்பு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழே போயிடும். லேசர் அந்தப் பிழையை முழுசா நீக்கிடும். உண்மையிலேயே நல்ல பொறியியல்.

ஆனா ஈர்ப்பு விசை ஒழுங்கானது. எவ்வளவு இழுக்கும்னு எழுதி வச்சுக்கலாம். மான் அப்படி இல்லை. 0.6 விநாடியில் அது என்ன செய்யும்னு எந்த சென்சாராலும் சொல்ல முடியாது. தெரிஞ்ச பிழையை நீக்கிட்டு, தெரியாத பிழையை அப்படியே விட்டுட்டு, "இப்போ நீங்க தூரமா விடலாம்"னு ஒளிப்புள்ளி நம்பிக்கை கொடுக்குது. என் பார்வையில் இந்தக் கருவியோட ஆபத்தே அந்த நம்பிக்கைதான்.

விளம்பரத்தில் 100 கெஜத்தில் மூணு அம்பு ஒரே இடத்தில் குத்திக்கிட்டு நிக்கிற படம் வரும். படம் பொய்யில்லை. குத்தினது ஃபோம் பலகையில். ஃபோமுக்குக் காது கிடையாது, காலும் கிடையாது.

வேகத்தால் பலனே இல்லைன்னு சொல்ல வரலை. பழைய 300 அடி வில்லில் 27 மீட்டரில் மானுக்குக் கிடைச்ச நேரமும், புது 500 அடி வில்லில் 55 மீட்டரில் கிடைக்கிற நேரமும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆக வேகம் வாங்கினவருக்கு ரெண்டு வழி. அதே 27 மீட்டரில் நின்னு, மானுக்கு வேதனையில்லாத சாவை உறுதி பண்ணலாம். இல்லைன்னா அதே ரிஸ்க்கோட ரெண்டு மடங்கு தூரத்தில் நிக்கலாம். கருவி ஒண்ணுதான், எதுக்குச் செலவு பண்றோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. விளம்பரம் எப்பவும் ரெண்டாவது வழியைத்தான் காட்டுது.

"அதை வேட்டைக்காரரின் மனசாட்சிக்கு விட்டுடலாமே?" பல நல்ல வேட்டைக்காரர்கள் சொல்றது இதுதான். 30 மீட்டரைத் தாண்டி விடவே மாட்டேன்னு சொந்த வரம்பு வச்சு வாழ்நாள் முழுக்கக் காப்பாத்தினவங்க நிறைய. ஆனா 2,000 டாலர் கொடுத்து, 100 கெஜம் போகும்னு சொல்லி வாங்கின பொருள் கையில் இருக்கு. நாலு மாசத்தில் முதல் முறையா பெரிய கொம்பு மான் 80 மீட்டரில் நிக்குது. புள்ளி பளிச்சுனு எரியுது. அந்த நிமிஷத்தில் மனசாட்சியை மட்டும் நம்புறது, பிரேக்கே வைக்காம வண்டியை வித்துட்டு ஓட்டுறவன் பொறுப்புன்னு சொல்ற மாதிரி.

அப்போ என்ன செய்யலாம்?

என் கருத்து இது. முதலாவது, குறுக்குவில் வில் பருவத்தில் இருக்கட்டும். சக்கர வில்லை ஏத்துக்கிட்ட பிறகு இதை மட்டும் வெளியே நிறுத்த நியாயமான காரணம் இல்லை. தோள் போனவருக்கு மட்டும் சிறப்பு அனுமதின்னு வச்சா, அவர் ஒவ்வொரு வருஷமும் டாக்டர் சீட்டைக் காட்டி தன் இயலாமையை நிரூபிச்சுக்கிட்டே இருக்கணும்.

ரெண்டாவது, தூரம் அளந்து குறிப்புள்ளி காட்டுற கருவியை வில் பருவத்தில் ஆயுதத்தின் மேல பொருத்த விடக் கூடாது. கையில் பிடிக்கிற லேசர் தூரமானி இருக்கட்டும். அதை எடுத்து அளந்து, உள்ளே வச்சு, பிறகு குறி வைக்கிற அந்தச் சில விநாடிகள், விடலாமா வேண்டாமான்னு யோசிக்கிற நேரம். பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்கு விலக்கு கொடுக்கலாம்.

மூணாவது, வேட்டையாகும் மான் எண்ணிக்கை கூடினா பருவ நாளைக் குறைக்க மாநிலங்கள் தயங்கக் கூடாது. கருவியை எளிதாக்கினா நாளை விட்டுக் கொடுக்கணும். ரெண்டும் வேணும்னா எப்படி?

நாலாவது நமக்கானது, ஏன்னா இந்த மாதிரிப் பொருளை வடிவமைக்கிற மேசையில் நாளைக்கு நம்மில் யாராவது உட்காரலாம். ஸ்பெக் ஷீட்டில் வேகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சடிக்கணும்: 20, 60, 100 கெஜத்தில் அம்பு போய்ச் சேர எத்தனை விநாடி. 500 என்கிற எண்ணைப் பார்த்தா பெருமையா இருக்கும். 0.6 என்கிற எண்ணைப் பார்த்தா, அந்த நேரத்துக்குள்ள ஒரு மான் எத்தனை எட்டு வைக்கும்னு யோசிக்கத் தோணும். அதை அச்சடிக்கப் புதுசா ஒரு பாகமும் தேவையில்லை, ஒரு வகுத்தல் கணக்கு போதும்.